கேக்கம்மாவின் வலது மணிக்கட்டு

மணிக்கட்டை மரக்க வைக்கப் போடும் ஊசி எரியும். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று நோயாளிகளிடம் சொல்வோம். எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், நாங்கள் என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் விசாரணைக் குழுவில் ஒருவர் வக்கீல், ஒருவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மூன்றாவது ஆள் டாக்டர்தான், ஆனால் தோல் டாக்டர். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, உடம்பில் எங்காவது ஓர் இடத்தில் நுழைந்தாக வேண்டும். முன்பெல்லாம் தொடை வழியாகப் போவோம். முடிந்த பிறகு நோயாளி பொழுதுக்கும் காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். இப்போது மணிக்கட்டு வழியாகப் போகிறோம். பேனா ரீஃபிலைவிட மெல்லிய குழாய். ஆள் விழித்தே இருப்பார். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பார். நல்ல முறை. ஒரே சிக்கல், மணிக்கட்டு ரத்தக்குழாய் கூச்ச சுபாவம் கொண்டது. வலித்தாலும் சுருங்கும், பயந்தாலும் சுருங்கும், தொட்டாற்சிணுங்கி மாதிரி. நம் குழாய் உள்ளே இருக்கும்போது சுருங்கினால் அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு விடாது. ஆகவே மணிக்கட்டை மரக்க வைப்பது நோயாளிக்கு நாம் செய்யும் உபசாரம் அல்ல. வேலையில் பாதியே அதுதான். எனக்கு இது தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்ததே நான்தான்.

மரக்க வைக்கப் பல வழிகள் உண்டு. ஒரு மணி நேரம் முன்பே மரப்புக் கிரீம் தடவி, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிடலாம். மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் மருந்து போடலாம். இரண்டையும் செய்யலாம். எரிச்சல் குறைய மருந்தில் கொஞ்சம் சோடா உப்புக் கரைசல் கலப்பவர்கள் இருக்கிறார்கள். லேசாகத் தூக்கம் வரவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை. கிரீமுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், வார்டில் யாருக்கும் நேரம் இல்லை. ஊசி மருந்து அதிகமானால் அந்த இடம் உப்பிக்கொண்டு, விரலுக்கு நாடி தட்டுப்படாது.

என் மனைவி அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். கிரீமும் வேண்டும், ஊசியும் வேண்டும், பொறுமையும் வேண்டும் என்பது அவள் கட்சி. நீ மருந்தை நம்புகிறாய், நான் மனிதர்களை நம்புகிறேன் என்று அவளிடம் சொல்வேன்.

“தாராளமா நம்புங்க. ஊசியப் போட்டுட்டு நம்புங்க,” என்பாள்.

இதெல்லாம் ஒரு பஸ் டிரைவரால் ஆரம்பித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். ஓடுகிற அவசரத்தில் அவரிடம் பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கினேன். நீளமான பஸ்ஸை ஒரு குறுகலான தெருவில் எப்படி ரிவர்ஸ் எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கு உண்மையிலேயே ஆர்வமாகிவிட்டது. அடைப்பைத் திறந்து, குழாயை வெளியே எடுத்து, கட்டுப் போட்ட பிறகுதான் பார்த்தேன், மரப்பு மருந்து நிரப்பிய ஊசி தட்டில் அப்படியே இருந்தது. போட மறந்திருக்கிறேன்.

“ஊசி போட்டதே தெரியல டாக்டர்,” என்றார் அவர்.

எழுத்துக்கு எழுத்து உண்மை. ஊசியைக் குப்பையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அன்று காரில் வீட்டுக்குப் போகும்போது பாட்டு வைக்கவில்லை. தேவைப்படவில்லை. ஒரு மனிதரின் கையில் துளை போட்டு இதயம் வரை போய் வந்திருக்கிறேன், அவர் வலியை மறக்க என் பேச்சு மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது. இப்படி ஒரு விஷயம் தனக்குள் இருப்பதாகத் தெரிந்தால் நீங்களும் அதைச் சும்மா விட்டுவிட மாட்டீர்கள்.

அவர் சில வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். நன்றாக இருந்தார். கிளம்பும்போது கதவருகில் நின்று சொன்னார்.

“டாக்டர், தப்பா நினைக்கலன்னா ஒண்ணு சொல்லட்டுமா. அன்னைக்குக் கை வலி உயிர் போயிடுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது. நீங்க ரிவர்ஸ் எடுக்கறதைப் பத்தி அவ்வளவு ஆசையா கேட்டுட்டு இருந்தீங்க. நடுவுல கத்துனா நல்லா இருக்காதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதற்குப் பெரிதாக மதிப்புக் கொடுக்கவில்லை. பிழைத்து எழுந்தவர்கள் தாங்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது இயல்பு. அதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னும் குறைத்தேன். கேத் லேப் என்று நாங்கள் சொல்லும் அந்த அறையில், நோயாளியின் கைக்குப் பக்கத்தில் துணி விரித்த மேஜை இருக்கும். அதில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் மரப்பு மருந்து, ஒன்றில் குழாய் கழுவ சலைன், அதாவது உப்புத் தண்ணீர். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். வழக்கமாக ஊசியில் மருந்தை ஏற்றித் தருவது நர்ஸ். நானே எடுத்துக்கிறேன் சிஸ்டர் என்று சொல்ல ஆரம்பித்தேன். பெரிய டாக்டர் தன் வேலையைத் தானே செய்கிறார் என்று அவர்களுக்கு என் மேல் மரியாதை கூடியது. எந்தக் கிண்ணத்திலிருந்து எடுக்கிறேன் என்று எந்த நர்ஸும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது மரியாதையாக இருக்காது.

ஊசியையே விட்டுவிட்டிருக்கலாமே என்று வக்கீல் கேட்டார். முடியாது. ஊசி போடவில்லை என்று தெரிந்தால் நோயாளி பயப்படுவார். அவருக்கு ஊசி தேவை. மருந்துதான் தேவையில்லை. தவிர, உப்புத் தண்ணீர் மருந்து அளவுக்கு எரியாது. அந்த வகையில் பார்த்தால் ஒரு வலியைக் குறைத்திருக்கிறேன்.

கிரீமும் அதே கதைதான். வார்டில் சில நாள் தடவுவார்கள், சில நாள் மறந்துவிடுவார்கள், சில நாள் தடவிய மறுநிமிடமே ஆளை அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒழுங்கில்லாமல் இருந்தால் என் பேச்சு எவ்வளவு வேலை செய்கிறது, கிரீம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. எங்கள் வீட்டுக் குளியலறையில் என் மனைவி கைக்குத் தடவும் கிரீம் ஒரு பெரிய டப்பாவில் இருக்கும். நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவி அவளுக்குத் தோல் வெடிக்கும். பாதாம் வாசனை. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வெள்ளை டப்பாவுக்கு மாற்றி, புதிய மரப்புக் கிரீம், இனிமேல் என் நோயாளிகளுக்கு இதையே தடவுங்கள் என்று வார்டில் கொடுத்தேன். இதை நான் மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மறைக்கவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“புதுக் கிரீம் நல்லா இருக்கு டாக்டர், கையெல்லாம் மெத்துன்னு ஆயிடுது,” என்றுதான் வார்டு நர்ஸ் சொன்னார்.

வலியை அளக்கவும் செய்தேன். ஊகத்தில் பேசுகிற ஆள் இல்லை நான். முடிந்ததும் நோயாளியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நானே கேட்பேன். பெரும்பாலும் இரண்டு, மூன்று என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஏழு என்றார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். அப்போ நாலு போட்டுக்கோங்க டாக்டர் என்றார். மார்க் போட்டுப் பழகிய மனிதர், மறு திருத்தத்தில் குறைத்துக்கொண்டார். ஓர் அம்மா கண்ணில் தண்ணீர் வழிய ஒன்று என்றார். கண்ணீர் எதற்கு என்று கேட்டேன். நீங்க இவ்வளவு அன்பா பேசறீங்களே, அதுக்குத்தான் என்றார். இதையெல்லாம் நான் கற்பனை செய்யவில்லை.

பிறகு டாக்டர்கள் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். நோயாளியிடம் பேசுவதால் மணிக்கட்டு வலி எப்படிக் குறைகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் பக்கத்தில் என் படத்தை மாட்டினார்கள், நோயாளியின் கையைப் பிடித்திருக்கிற மாதிரி. கை மட்டும் எங்கள் கணக்குப் பிரிவு குமாஸ்தாவுடையது.

ஒரு கூட்டத்தில் என் மனைவி முன் வரிசையில் இருந்தாள். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினாள். கூட்டம் சிரித்தது, கணவன் மனைவி என்று தெரியுமே.

“இவங்களுக்கெல்லாம் மரப்பு மருந்து எவ்வளவு போட்டீங்க?”

“வழக்கமான அளவுதான்,” என்றேன்.

அதுதான் முதல் பொய். அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

இனி கேக்கம்மா.

அந்தப் பெயரை வைத்தது வார்டு. ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெரு பேக்கரியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று கேக் மேல் பெயர் எழுதுகிறவர். வார்டில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதியவர் அவர்தான். கிரீம் நிரப்பிய கூம்பை வலது கையில் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் எழுதுவாராம். எழுத்துப் பிழையே வராதாம். நான் அவரை முன்பு பார்த்ததில்லை. அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கியது என் உதவி டாக்டர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்திருந்தார். துணைக்குத் தங்கை. வார்டில் வழக்கப்படி தோடு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றித் தங்கையிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்கட்டிலும் என் வெள்ளை டப்பாக் கிரீமைத் தடவித் தாளை ஒட்டியிருக்கிறார்கள். வலதில் முடியாவிட்டால் இடதில் போக வேண்டிவரும், அதற்காக இரண்டிலும் தடவுவது.

கேத் லேப்பில் மூத்த நர்ஸை நாங்கள் கடி சிஸ்டர் என்போம். வாயைத் திறந்தால் கடி ஜோக்தான். நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“டாக்டர், அடுத்தது கேக்கம்மா. கேக்கம்மாவுக்குக் கேக்காது.”

நான் சிரித்தேன். காலையிலேயே ரெண்டாவது கடி சிஸ்டர் என்றேன். இல்லை டாக்டர், நிஜமாகத்தான் என்று அவர் மறுபடியும் சொன்னதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கலாம். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். மாஸ்க்குக்கு மேல் என் கண்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணையே பார்க்கிற நோயாளிகள் எனக்குப் பிடிக்கும். அவர்களிடம் பேச்சு சீக்கிரம் போய்ச் சேரும்.

“வணக்கம்மா. உங்களைப் பத்தி ஆஸ்பத்திரியே பேசுது. கேக்ல பேர் எழுதறவங்களாமே.”

தலையாட்டினார். வலது மணிக்கட்டில் தாளை எடுத்துத் துடைத்தேன். சலைன் கிண்ணத்திலிருந்து ஊசியில் எடுத்தேன். இதுவரை எழுதியதிலேயே நீளமான பெயர் எது, இடம் பத்தாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தலையாட்டினார். ஊசி போட்டேன். துளை போட்டுக் குழாயை நுழைத்தேன். தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது.

“வலிக்குது,” என்றார். கொஞ்சம் சத்தமாக.

“வலி இல்லம்மா அது. அழுத்தம். இப்ப சொல்லுங்க, எந்த எழுத்து எழுதறது ரொம்பக் கஷ்டம்?”

“வலிக்குதுங்க.” இந்த முறை அறை முழுக்கக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நான் குரலைத் தாழ்த்தினேன். சத்தம் போடுகிறவர்களிடம் குரலைத் தாழ்த்தினால், நாம் சொல்வதைக் கேட்பதற்காகவே அவர்கள் அமைதியாவார்கள். இதையும் பாடமாக எடுத்திருக்கிறேன். அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டு, என் மாஸ்க்கைப் பார்த்து, மறுபடி கண்களைப் பார்த்து, வேகவேகமாகத் தலையாட்டினார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். காது கேட்காதவர்கள் புரியாதபோதும் அப்படித்தான் தலையாட்டுவார்கள் என்று இப்போது சொல்கிறீர்கள். நல்ல தகவல்.

“டாக்டர், மரப்பு மருந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாமா?” என்றார் கடி சிஸ்டர்.

“வேணாம் சிஸ்டர். பேசிட்டு இருக்கோம்ல.”

குழாய் முழங்கையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ரத்தக்குழாய் கவ்விக்கொண்டது. பதற்றப்பட ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். என்ன செய்ய வேண்டும் என்றால், நிறுத்த வேண்டும். வலியை அடக்க வேண்டும். ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுக்க வேண்டும். தூங்க வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இழுக்கக் கூடாது.

தளர்த்தும் மருந்தைக் கொடுத்தேன். வலிக்கு எதுவும் கொடுக்கவில்லை. நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், அதனால் தெளிவாகவே சொல்கிறேன். மரப்பு மருந்து நிறைந்த கிண்ணம் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சட்டென்று அவர் கை தளர்ந்திருக்கும், கடி சிஸ்டர் அதைப் பார்த்திருப்பார். முதல் ஊசியில் என்ன இருந்தது என்று யோசித்திருப்பார். கடி ஜோக் சொல்கிறவரே தவிர, முட்டாள் அல்ல. ஆகவே போடவில்லை. மயக்க டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார். அன்று டியூட்டியில் இருந்தது என் மனைவி. வேண்டாம் என்றேன்.

பேசினேன். இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகப் பேசினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. பேசிக்கொண்டே இழுத்தேன்.

குழாய் வந்தது. கூடவே ரத்தக்குழாயின் உள்சுவரும் வந்தது. அந்த அம்மா போட்ட சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. முழங்கைக்குக் கீழே கை எங்கள் கண்ணெதிரே உப்பத் தொடங்கியது. அழுத்திப் பிடித்தேன். கடி சிஸ்டர் என்னைக் கேட்கவில்லை. தானே போய் போனை எடுத்தார்.

என் மனைவி ஓடிவந்தாள். நோயாளியின் முகத்தைப் பார்த்தாள். மருந்து ஏற்ற இடது கையில் நரம்பு தேடினாள். அந்த மணிக்கட்டில் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தவள் ஒரு நொடி நின்றாள். குனிந்து மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். தன் கையையும் முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இது என் கிரீம்,” என்றாள்.

நரம்பில் மருந்தை ஏற்றிக்கொண்டே, “அம்மா, இப்ப தூக்கம் வரும், வலி போயிடும்,” என்றாள். அந்த அம்மா முழித்தார்.

“அவங்களுக்குக் கேக்காது மேடம்,” என்றார் கடி சிஸ்டர். “காது மெஷினக் கழட்டிட்டாங்க. மெஷின் இல்லன்னா வாயப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவாங்க. டாக்டர்கிட்ட முன்னாடியே சொன்னேன்.”

என் மனைவி மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். கேத் லேப்பில் அப்படிச் செய்யக் கூடாது, சுத்தம் கெட்டுவிடும். முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், தூங்கப் போறீங்க, வலி போயிடும் என்று ஒவ்வொரு சொல்லாக வாயசைத்தாள். அந்த அம்மா அவள் உதட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு அழுதார். பிறகு தூங்கிப்போனார். அதற்குள் அறுவை டாக்டர் வந்துவிட்டார். கைக்குள் ரத்தம் கட்டி அழுத்தம் ஏறியிருந்ததால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை திறந்துவிட வேண்டியிருந்தது.

கை பிழைத்தது. விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கூம்பைப் பிடிக்க அந்த இரண்டு விரலும் வேண்டும். ஆஞ்சியோகிராமைப் பிறகு தொடை வழியாக வேறொருவர் செய்தார். அடைப்பு எதுவும் இல்லையாம். அது நல்ல செய்தி, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

வீட்டில் என் மனைவி குளியலறை டப்பாவை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள்.

“எத்தனை பேருக்கு?”

“எல்லாருக்கும் இல்ல.”

“நான் கூட்டத்துல கேட்டப்போ?”

“உன் முன்னாடி எப்படிச் சொல்றது.”

“என்னைக் கூப்பிட வேணாம்னு சொன்னீங்களாமே. ஏன்?”

உனக்கு எதற்குச் சிரமம் என்று சொன்னேன். நான் அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பஸ் டிரைவரிலிருந்து தொடங்கினேன். நிதானமாகத்தான் பேசினேன். அவள் எழுந்து, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள். மறுநாள் உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் எப்போதுமே மருந்துக் கட்சி.

ஆகவே, ஆமாம். ஊசியில் இருந்தது உப்புத் தண்ணீர். டப்பாவில் இருந்தது கைக்குத் தடவும் கிரீம். வலிக்கிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார், மருந்து பக்கத்தில் இருந்தது, நான் போடவில்லை. இழுக்கக் கூடாது என்று தெரிந்தே இழுத்தேன். எல்லாவற்றையும் என் சொந்தக் கையால் செய்தேன், யாரும் என்னைத் தூண்டவில்லை. நீதிபதி ஐயா இதை ஒரு வரியில் கேட்டார். இவ்வளவு வரி ஆனதற்கு மன்னிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், உங்களுக்கு எப்படியும் தெரியவரும். போன விசாரணை அன்று நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கேக்கம்மா தங்கையோடு வந்தார். இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

“டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்றார். “அவ்வளவு நேரமும் உங்க மாஸ்க் ஆடிக்கிட்டே இருந்துச்சு. என்கிட்ட என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க? வீட்டுல அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஏதோ முக்கியமானதைச் சொல்றீங்க, எனக்குத்தான் புரியல, அதனாலதான் இப்படி ஆயிடுச்சோன்னு.”

“அக்கா, வா போலாம்,” என்றாள் தங்கை.

“இருடி. சொல்லட்டும்.”

உட்காரச் சொன்னேன். அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். முதலிலிருந்து சொன்னேன், வணக்கத்திலிருந்து. ஒரு வார்த்தை விடாமல், வாய் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன். நீளமான பெயரைப் பற்றிக் கேட்டதை, இடம் பத்தாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதை, எந்த எழுத்து கஷ்டம் என்று கேட்டதை. அந்த இடத்தில் பதில் சொல்வாரோ என்று கொஞ்சம் நிறுத்தினேன். சொல்லவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து, என் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசிவரை கேட்டார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

தங்கை அவர் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். அவர் இன்னும் கேட்க விரும்பினார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.